குளிக்கத் தடை போட்ட கர்த்தர்

என் வீட்டுக்காரர் மூளையில் ரத்தக்குழாய் வெடித்த அன்று காலையில், நான் கர்த்தரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் மேலகரத்து எஸ்தர். அவர் பெயர் செல்லையா. குற்றாலம் அருவிக்கரையில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். போன வருஷம் சீசன் நேரத்தில் மலையில் கொட்டின மழையில் வெள்ளம் வந்து, அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். “ஆண்டவரே, சீசனே கொஞ்ச நாளு. உமக்குக் கண்ணு இல்லியா? இன்னைக்காவது தடைய எடும்” என்று அடுப்படியில் நின்று சத்தமாகவே கேட்டேன். என் ஜெபம் அப்படித்தான். கெஞ்ச வராது, ஏச வரும்.

மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். தடை அப்படியே இருந்தது. அவர் பிடரியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

“ஏட்டி, சம்மட்டியால அடிச்ச மாரி பொடதியில வலிக்கி” என்றார். உடனே வாந்தி எடுத்தார். கூட வேலை பார்க்கிற அவர் தம்பி தேவராஜ் பதறவில்லை. அருவிக்கரைக்காரர்களுக்கு எந்த வலிக்கும் ஒரே வைத்தியம்தான். அண்ணன் உச்சியில் எண்ணெயை வைத்துப் பரபரவென்று தேய்த்தான்.

“பயப்படாதிய மதினி. அருவித் தண்ணி தலையில நாலு அடி அடிச்சா எல்லாம் போயிரும்.”

நானும் “சரி, கூட்டிட்டு வா” என்றேன். ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு போனோம். கயிறு கட்டி நின்ற போலீஸ்காரர் விடவில்லை.

“ஒரு நிமிஷம் சார், தலைய மட்டும் காட்டிட்டு வந்திருதோம்” என்றான் தேவராஜ்.

“ஏலே, கல்லே உருண்டு வருது, உள்ள போறேங்கியே! ஒருத்தரும் போவக் கூடாது.”

நான் அந்த மனுஷனை ஏசாத ஏச்சு இல்லை. “நீங்கல்லாம் நல்லாயிருப்பியளா?” என்று கேட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் கால் மடங்கிச் சரிந்தார். ஒரு கண்ணின் இமை தொங்கிவிட்டது. போலீஸ்காரர் முகம் மாறியது. அவரே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

தென்காசியில் ஸ்கேன் பார்த்ததும் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா படத்தைக் காட்டிச் சொன்னார்.

“மூளைக்கு அடியில ரத்தக்குழாய்ங்க வளையமா சேர்ந்திருக்கும்மா. அதுல ஒரு இடம் குமிழி மாதிரி வீங்கி வெடிச்சிருச்சு. மூளைக்குள்ள நாலு அறை உண்டு. அதுல தெளிஞ்ச நீர் ஊறி ஓடிக்கிட்டே இருக்கும். ரத்தம் போயி அந்த வழிய அடைச்சதால, நீர் தேங்கி மூளைய அழுத்துது.”

“பொழைச்சிருவாகளா?”

“இப்ப சொல்ல முடியாது. அருவிக்குள்ள விழுந்திருந்தா இங்க வந்தே சேர்ந்திருக்க மாட்டாரு.”

காலையில் நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்திருந்தால்! அங்கேயே முழங்காலில் விழுந்தேன். அன்றைக்கு ஏச வாய் வரவில்லை. “அப்பா, அருவிய அடைச்சு வச்சீரே, இந்த அடைப்ப மட்டும் எடுத்துவிடும்” என்று அழுதேன்.

தொடை வழியாகக் குழாய் விட்டு அந்தக் குமிழியை அடைத்தார்கள். தலையில் சின்னத் துளை போட்டு, மூளையின் அறைக்குள் இன்னொரு குழாய் வைத்து, நீரை வெளியே ஒரு பைக்குள் வடியவிட்டார்கள். விழுந்ததெல்லாம் சிவப்பு. என்னை உள்ளே விடும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னால் பையைத்தான் பார்ப்பேன். சபையார் உபவாசம் இருந்தார்கள். சபைப் பக்கமே வராத தேவராஜ்கூட ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணை மூடி நின்றான். சிவப்பு வெளிறி, மஞ்சளாகி, ஒரு காலையில் குடிதண்ணீர் போலத் தெளிந்திருந்தது. நான் போட்ட அல்லேலூயாவில் நர்ஸம்மா ஓடிவந்து என்னை வெளியே தள்ளினார்!

குழாயை எடுத்த பிறகு டாக்டரம்மா என்னைக் காட்டி, “இவங்க யாரு?” என்று அவரிடம் கேட்டார்.

“எம் பொஞ்சாதி.” கொஞ்சம் யோசித்தார். “போலீஸ்காரர ஏசிட்டு நின்னா. அவர விட்டாளா, இல்லியா?”

நான் சிரித்தேன், அழுதேன், ஸ்தோத்திரம் சொன்னேன். எதை முதலில் செய்தேன் என்று தெரியவில்லை.

இன்று அவர் மறுபடியும் தொழிலுக்குப் போகிறார். திடீரென்று மண்டை பிளக்கிறது என்று யாராவது வந்தால், “எண்ணெயெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க” என்கிறார். நானும் மாறியிருக்கிறேன். ஏச்சு நிற்கவில்லை. ஆனால் ஏசி முடித்ததும் “உம்முடைய சித்தம்” என்று சொல்லப் பழகிவிட்டேன்.

கேட்டது கிடைக்கவில்லை என்று மனம் கசந்திருக்கிற அக்கா தங்கச்சிமாரே, கர்த்தர் மாட்டேன் என்று சொல்லும்போதும் நம் கையை விடுவதில்லை. நம்புங்கள். நம்ப முடியவில்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு வாருங்கள். சுருதியே சேராமல், எல்லாரையும் விட உரக்க ஒருவர் பாடிக்கொண்டிருப்பார். அவர்தான் என் வீட்டுக்காரர்.