செம்புத் தகட்டில் கை வைத்த நேரம்

1. கதவுக்கு முன்னால்

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

மருந்து கலக்கும் ரூமுக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரம் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் சேர்ந்து பொறி கிளப்பும் ஸ்டேட்டிக் கரண்ட் தரைக்குள் இறங்கிவிடும். தொட்டதும் கையை எடுத்துவிடலாம். நான் எடுக்க மாட்டேன். பரமண்டல ஜெபத்தை மெதுவாக முணுமுணுத்து முடித்த பிறகுதான் எடுப்பேன். சீசன் வந்துவிட்டால் எங்களுக்கு ஞாயிறும் வேலை. சர்ச்சுக்குப் போக வழியில்லை. வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே கண் செருகும். ஆண்டவரோடு நிற்க எனக்கு வாய்த்தது அந்தத் தகடுதான்.

மருந்து கலக்கும் முத்தையா பின்னால் நின்று சலித்துக்கொள்வான்.

“அண்ணாச்சி, ஒங்க சாமிகிட்ட சுருக்காப் பேசிட்டு வாங்க. லோடு லாரி நிக்குது.”

“நீயும் ஒன் கருப்பசாமியக் கும்பிட்டுட்டு நில்லுலே. ரெண்டு பேரும் சேந்து நம்மளப் பாத்துக்கிடட்டும்.”

முதலாளியிடம் ஒருமுறை கேட்டும் பார்த்தேன். “மொதலாளி, ஞாயித்துக்கெழம மட்டும் லீவு விட்டீகன்னா நல்லாருக்கும். எனக்குச் சர்ச்சு. மத்தவுகளுக்கும் ஒடம்பு தாங்கல.”

“தீவாளி முடியட்டும் சாமுவேலு. வடக்க இருந்து போன் மேல போன் அடிக்கான். அம்புட்டு ஆர்டருக்கும் நான் என்ன பதிலு சொல்ல?”

கெட்ட மனிதர் இல்லை. சீசன் அவரையும் தூங்கவிடவில்லை.

2. வாடை

ஒரு சனிக்கிழமை மாலை நல்ல மழை. நான் குடோனில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள், ஞாயிறு, விடிந்ததும் வேலைக்கு வந்து வழக்கம்போலத் தகட்டில் கை வைத்தேன்.

பாதி ஜெபத்தில் ஒரு வாடை. மாட்டுத் தொழுவத்து மூத்திர வாடை. கம்பெனிக்குள் மாடு ஏது? வெடியுப்போடு அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால்தான் அந்த வாடை கிளம்பும். அடுத்து உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாக வெடிக்கும்.

“முத்தையா, நேத்துக் கலந்ததுல மிச்சம் இருக்கா?”

அவன் முகம் வெளுத்தது. “மழை வந்துருச்சு அண்ணாச்சி. கொஞ்சந்தான். தட்டுல காயிதம் போட்டு மூடி வச்சிருக்கேன்.”

கலந்த மருந்தை ராத்திரி தங்கவிடக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாததில்லை. அடைமழையும் அசதியும் சேர்ந்தால் தெரிந்தவனும் அப்படித்தான் மூடி வைப்பான்.

“கதவத் தொடாத! பக்கத்து ரூம்ல இருக்க பொம்பளையாளுகளக் கூப்பிடு. எல்லாரும் கேட்டுப் பக்கம் ஓடுங்க!”

நாங்கள் கேட்டைத் தாண்டியபோது அந்த ரூம் வெடித்தது. கூரைத் தகரம் பறந்து முள்ளுக்காட்டில் விழுந்தது. ஆபீசிலிருந்து முதலாளி வெறுங்காலோடு ஓடி வந்தார்.

“ஆளு? ஆளு எல்லாம் இருக்காகளா?”

“எல்லாரும் இருக்காக மொதலாளி.”

அவர் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார். முத்தையா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

ஜெபம் செய்ததால் தப்பினோம் என்று சர்ச்சில் மேடையேறிச் சாட்சி சொல்ல எனக்குத் துணிவில்லை. என்னைவிட நன்றாக ஜெபித்தவர்களையும் இந்தத் தொழிலில் அடக்கம் செய்திருக்கிறேன். ஆனால் தொட்டேன், திறந்தேன் என்று அவசரத்தில் போயிருந்தால் அந்த வாடை மூக்கில் ஏறுமுன்பே உள்ளே நின்றிருப்பேன். கதவுக்கு முன்னால் நிற்க வைத்தது ஆண்டவர்தான். அந்த நன்றி எனக்கு ஆயுசுக்கும் தீராது.

3. லீவு

அதிகாரிகள் வந்தார்கள், விசாரித்தார்கள். மறுபடி வேலை தொடங்கியபோது பிந்திப்போன ஆர்டர்கள் கழுத்தை நெரித்தன. ஆனாலும் முதலாளி எல்லோரையும் கூட்டிச் சொன்னார்: “இனிமே சீசன்லயும் ஞாயித்துக்கெழம கம்பெனி கெடையாது. லோடு பிந்துனா பிந்தட்டும். போயி நல்லாத் தூங்குங்க.”

அடுத்து வந்த ஞாயிறு வெள்ளை வேட்டி கட்டி, மனைவியோடு சர்ச்சுக்குப் போனேன். முதல் பாட்டுக்கு எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். குறட்டை கேட்டு என் மனைவி முழங்கையால் இடிக்கப் போக, போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, “எழுப்பாதீங்கம்மா, தூங்கட்டும்” என்றாராம்.

பிள்ளைகளே, நேரம் கிடைத்தால் ஜெபிக்கலாம் என்று இருக்காதீர்கள். சீசன் அந்த நேரத்தைத் தராது, நாம்தான் நின்று எடுத்துக்கொள்ள வேண்டும். தூக்கத்தையும் அப்படியே. அன்று ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகுதான் எனக்கு விழிப்பு வந்தது. ஒரு வார்த்தைகூட ஜெபிக்கவில்லையே என்று எனக்கு வருத்தமே வரவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் ஆண்டவருடைய வீட்டில் அதற்கு முன் இருந்ததே இல்லை.