ஹமீது அண்ணனின் ஐந்து சனிக்கிழமைகள்

வெள்ளிக்கிழமை காலை நூர்ஜஹான் கைப்பேசியில் கூப்பிட்டாள். ஹமீது அண்ணனின் மூத்த மகள். கரண்ட் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று ரவிக்கைகளை முடித்தாக வேண்டும் என்று தையல் இயந்திரத்தில் தலையைக் கவிழ்த்திருந்தவள் நான். “என்ன, சீக்கிரம் சொல்லு” என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். “மாமி, வாப்பா மௌத்தாயிட்டாங்க” என்றாள். சுபுஹு தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் கேட்டிருக்கிறார். தேநீர் வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். நாளை மறுநாள் நடைக்கு வருவதாகச் சொன்னாரே என்று அந்தப் பெண்ணிடமே சண்டைக்குப் போனேன். அவளும் அழுதுகொண்டே “ஆமா மாமி, சொன்னாங்க” என்றாள். தகப்பனைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா அது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா என்னைப் பார்த்துத்தான் சொல்வாள்.

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அடக்கம். யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்டில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான் அவர் வீடு. உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் அவர் பழுது பார்த்துக் கொடுத்த மின்விசிறியைப் பற்றியும், நடு மழையில் வந்து மாற்றிய ஃபியூஸைப் பற்றியும் பேசினார்கள். மின்சாமான் கடை ஹமீதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹமீதைத் தெரிந்தவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான். அவரைக் கடையில் மட்டும் பார்த்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் எனக்குப் பக்கவாதம் வந்தது. கை தப்பித்தது, இடது கால் மட்டும் இழுக்க ஆரம்பித்தது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. செங்குத்தான படி, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம்தான் கம்பி. கீழே இறங்கினால் உடைந்த நடைபாதை, அதை ஒட்டி மூடியில்லாத சாக்கடை. நாலு மாதம் நான் கீழே இறங்கவே இல்லை. வைத்தியர் நடக்கச் சொன்னார். எங்கே நடப்பது? அடுப்படிக்கும் சன்னலுக்கும் நடந்தேன். ஒரு நாள் விளக்கு மாட்ட வந்த ஹமீது அண்ணன், ஏணியில் நின்றபடியே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தங்கச்சி, உனக்கு நடக்க வருது. படிதான் ஆகல. வயல்ல ஏது படி?” என்றார்.

அவ்வளவு எளிதாக அதைச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் நூர்ஜஹானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னைப் படி இறக்கினார்கள். ஆற்றைக் கடந்து டலாவுக்கு ஃபெரி, அங்கிருந்து த்வாண்டே வரை ஆள் ஏற்றிப் போகும் லைன் கார். கால்வாய் ஓரத்தில் ஒரு கிராமத்தில் இறங்கினோம். பார்த்த இடமெல்லாம் வயல். தரை தோசைக்கல் மாதிரி சமமாகக் கிடந்தது. அன்று நான் நூறு அடி நடந்திருப்பேன். திரும்பி வரும்போது ஃபெரியில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் பக்கம் திரும்பாமல் எதிரே இருந்தவரிடம் பொரி விற்பவளைக் கூப்பிடச் சொன்னார்.

பிறகு ஆட்கள் சேர்ந்தார்கள். முட்டிவலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செல்வராஜ். ஹமீது அண்ணனுக்கும் வலது முட்டி சரியில்லை. இதற்குச் ‘சுலப நடை’ என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடையை மகனிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போய் அந்த வழியை முழுவதும் நடந்து பார்த்துவிட்டு வருவார். எந்த வரப்பு இடிந்திருக்கிறது, எங்கே சேறு, எங்கே புது நாய் கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு துண்டுத்தாளில் தமிழில் ஒரு பக்கம், பர்மிய எழுத்தில் மறுபக்கம் எழுதி ஆளுக்கொன்று கொடுப்பார். தூரத்தை மைலில் எழுத மாட்டார். வழியில் எத்தனை இடத்தில் உட்கார முடியும் என்பதுதான் அவர் கணக்கு. “இன்னிக்கு மூணு உக்காரு நடை” என்பார். மரத்தடி ஒன்று, வழிப்போக்கர் சாவடி ஒன்று, பகோடா வாசல் ஒன்று.

அவர் வைத்த இன்னொரு சட்டம், யார் மெதுவோ அவர்தான் முன்னால் போக வேண்டும். அதாவது நான். பின்னால் வருகிற அத்தனை பேரும் என் இழுக்கிற காலையே பார்த்துக்கொண்டு வருவார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஒரு நாள் வரப்பில் நின்றுகொண்டு முடியாது என்று கத்திவிட்டேன். என்னைப் பின்னால் விடுங்கள், நான் என் பாட்டுக்கு வருகிறேன் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “பின்னால விட்டா நீ விழுந்தாக்கூட யாருக்கும் தெரியாது. அந்தக் கவல எனக்கு வேணாம், நீ முன்னால போ” என்றார். வேகமாகப் போனால் என்ன என்று செல்வராஜ் முனகினார். “சீக்கிரம் போயி என்ன பண்ணப் போறீங்க, திரும்பி வரத்தானே போறோம்” என்று அவருக்கும் ஒன்று கிடைத்தது.

இனி நான் சொல்லப்போவது என் தப்பு.

அந்த வழி டோ செய்ன் என்ற அம்மாளின் வேலி போட்ட வீட்டு வளவுக்குள் புகுந்துதான் போகும். அறுபதைத் தாண்டிய விதவை, சொந்த நிலத்தில் நெல் போடுபவர். அவர் வளவைத் தாண்டினால் அகலமான வரப்பு, அது நேரே பகோடாவுக்குப் போகிறது. அவர் விடாவிட்டால் வேறு வழி உண்டு. ஆனால் அதில் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒற்றை மூங்கில் பாலம். இரண்டு காலும் நன்றாக இருப்பவர்களே பக்கவாட்டில் அடி வைத்துத்தான் அதைத் தாண்டுவார்கள். ஆகவே மற்றவர்களுக்கு டோ செய்ன் வளவு ஒரு வசதி. எனக்கு அதுதான் ஒரே வழி.

இரண்டு வருடத்துக்கு முன், மழை விட்ட சமயம், டோ செய்ன் எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டார். வழியில் என் கால் முழங்கால் வரை சேற்றில் போய்விட்டிருந்தது. மெதுவாக நடப்பவள் முன்னால் போவதால் வளவுக்குள் முதலில் நுழைந்தவளும் நான்தான். தூண்கள் மேல் நிற்கும் வீடு. படியோரத்தில் இரண்டு மண்பானைகள், மேலே மூடி, மூடி மேல் ஒரு குவளை. நான் குவளையை எடுத்தேன், தண்ணீர் மொண்டேன், ஒரு காலால் மறு காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மூன்று குவளை. சேற்றுக் கையாலேயே பானைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன், விழுந்துவிடாமல் இருக்க.

யாங்கோனில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர்ப் பானை தெரியாதா என்று கேட்பீர்கள். தெருவோரத்தில் சின்னக் கூரைக்குக் கீழே இருந்தால் அது புண்ணியத்துக்கு வைத்த குடிதண்ணீர் என்று எனக்குத் தெரியும். படியோரத்தில் இருந்தால் அது கால் கழுவ. கழுவாமல் அடுத்தவர் வீட்டுப் படி ஏறினால் அம்மா தொடையில் கிள்ளுவாள். அறுபது வயதிலும் அந்தக் கிள்ளுக்குப் பயந்த கால் இது. ஆனால் டோ செய்ன் தன் கணவரின் திதிக்காக த்வாண்டேயில் புதுப் பானை வாங்கி, முதல் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். சாலையோரக் கூரை இன்னும் முடியாததால், மதியம் வரை படியோரத்தில் இருக்கட்டும் என்று விட்டிருந்தார். செத்தவர் பெயரில் வைத்த முதல் தண்ணீரில் நான் கால் கழுவினேன். காலை எவ்வளவு கீழாக நினைப்பார்கள் பர்மியர்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பின்னால் வந்த ஹமீது அண்ணன் பார்த்துவிட்டார். “தங்கச்சி, அது குடிக்கிற தண்ணி” என்று மெல்லச் சொல்லி, குவளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எதற்கு வாங்குகிறார் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அதற்குள் டோ செய்ன் தேநீர்த் தட்டோடு படியிறங்கி வந்துவிட்டார். ஈரத் தரையைப் பார்த்தார், பானைக் கழுத்தில் சேற்றைப் பார்த்தார். தட்டைப் படியில் வைத்துவிட்டு இரண்டு பானைகளையும் கவிழ்த்தார். நாங்கள் தேநீர் குடிக்காமல் வந்தோம்.

அடுத்த வாரம் வளவு வாசலில் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் செய்ததோ, மூன்றாவது மாடியில் உட்கார்ந்து வீம்பு பிடித்தது. தெரியாமல் செய்ததற்கு இவ்வளவா, ஒரு குவளைத் தண்ணீர்தானே என்று சுவரோடு பேசினேன். உள்ளே பயம், வெளியே வாய். மற்றவர்கள் மூங்கில் பாலத்து வழியாகப் போனார்கள். நான் மறுபடியும் அடுப்படிக்கும் சன்னலுக்கும் நடந்தேன். கால் மறுபடி மரத்துப்போக ஆரம்பித்தது, எனக்கே தெரிந்தது. ஹமீது அண்ணன் ஒரு நாள் வந்து, “நான் பேசுறேன், நீ வம்பு பண்ணாம இரு” என்று மட்டும் சொன்னார். ஐந்து ஞாயிறு போயிற்று. ஆறாவது ஞாயிற்றுக்கு முந்திய மாலை வந்தார். “மூங்கில எடுத்தாச்சு, காலையில ரெடியா இரு. அந்தப் பேச்ச மட்டும் அங்க எடுக்காத” என்றார்.

எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதை அவர் சொல்லி, அந்த அம்மாள் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. டோ செய்ன் பழையபடி தேநீர் கொடுத்தார். நான் குனிந்த தலை நிமிராமல் குடித்தேன். அதன் பிறகு ஹமீது அண்ணன் சனிக்கிழமை போகும்போதெல்லாம் வளவுக் கிணற்றில் இறைத்து, சாலையோரப் பானைகளை நிரப்பிவிட்டு வருவதாகச் செல்வராஜ் சொன்னார். நல்ல மனுஷன், செய்வார் என்று விட்டுவிட்டேன்.

அவர் போன பிறகு இரண்டு ஞாயிறு யாரும் அசையவில்லை. மூன்றாவது ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கிராமத்துக்கு யார் போய்ச் சொல்வது? செல்வராஜைக் கிளப்பிக்கொண்டு போனேன். டோ செய்ன் சாலையோரத்தில் பானையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “மூணு சனிக்கிழமையா அவரக் காணோமே” என்றார். சொன்னேன். அவர் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். மண்ணில் கை ஊன்றிக் குனிந்து, அன்றைக்குக் கால் கழுவியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் சொல்லியிருப்பார், இருந்தாலும் என் வாயால் சொல்லவில்லை என்றேன்.

டோ செய்ன் பர்மிய மொழியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். “அவர் எங்க சொன்னாரு? நாந்தான் கழுவினேன்னுல்ல சொன்னாரு. எங்க ஆளுங்களுக்குப் படியோரத் தண்ணி கால் கழுவத்தான், தெரியாமப் பண்ணிட்டேன்னு அஞ்சு சனிக்கிழமை வந்து நின்னாரு.”

அவர்தான் என்று நினைத்துத்தான் வழியைத் திறந்தீர்களா என்று கேட்டேன்.

“நீங்க கழுவுறத நான் மேல சன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். முதல் வாரம் அவர் பொய் சொல்றாருன்னு எனக்கு இன்னும் அதிகமாக் கோவம். அஞ்சாவது வாரம், பாத்தேன்னு சொல்லிடலாம்னு வாயத் தெறந்தேன். அந்த வயசு மனுசனப் பொய்க்காரராக்கித் திருப்பி அனுப்ப மனசு வரல. மூங்கில அவுத்துட்டேன்.” பானை துடைத்த துணியை மடித்தபடி சொன்னார்: “நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு ஒரு வருசம் பாத்தேன். அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்.”

கடையில் வாங்க வந்தவரிடமே “இது ஆறு மாசம் தாங்காது, வேற பாருங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்பிய மனிதர் அவர். நோன்பும் தொழுகையும் தவறாதவர். அவர் ஐந்து வாரம் ஆற்றைக் கடந்து, முட்டிவலியோடு நடந்து, ஒரு பெண் முன்னால் நின்று, செய்யாததைச் செய்தேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்காக. அதை எனக்குச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் நான் வெட்கத்தில் வராமல் போய்விடுவேன் என்று என்னை அவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தார். இரண்டு வருடம் நான் சுலபமாக நடந்தேன். என் பழியைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்திருக்கிறார்.

அவரை அறிந்தவர்களே, உங்கள் வீடுகளில் அவர் மாட்டிய விளக்கு எரிகிறது. என் வீட்டிலும் எரிகிறது. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று கேட்டால், அந்தப் பழிதான். அன்று அதை டோ செய்ன் வாசலில் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது முதலிலிருந்தே என்னுடையது, இனி யாரிடமும் கொடுக்க மாட்டேன்.