செருப்பு கட்டினால் மாமரம் காய்க்குமா?

பிள்ளைகளே, இந்த வாரம் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காவாந்தண்டலத்தில் என் மச்சினன் ஏழுமலை வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பெரிய மாமரம். அதன் கிளையில் பிய்ந்த செருப்பு ஒரு ஜோடி, தேய்ந்த துடைப்பம் ஒன்று… கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

"இன்னாப்பா இது?"

"ரெண்டு வருசமா காய்க்கல மாமா. இப்டி அவமானப்படுத்தினா ரோசம் வந்து காய்க்கும்னாங்க. கட்டிவுட்டேன்."

"ரோசம் வந்துச்சா?"

"எங்க… சொரணையே இல்ல. சாயங்காலம் மெஷின் ரம்பக்காரரை வரச்சொல்லிக்கீறேன். அறுத்துடலாம்."

அட! எத்தனை வருடம் கூடை கூடையாகக் கொடுத்த மரம். ஏன் காய்க்கவில்லை என்று யாராவது யோசித்தார்களா?

அந்த நேரத்தில்தான் ஏழுமலையின் மனைவி செல்வி வாசலைப் பெருக்கி முடித்தாள். ஒரு மாவிலை மிச்சமில்லை. எல்லாவற்றையும் தெருவோரம் குவித்துத் தீ வைத்தாள்.

"தினமும் கொளுத்துறியாம்மா?"

"ஆமாண்ணா. குப்பையா கெடந்தா வூடு மாதிரியா இருக்கும்?"

காட்டு மரத்துக்கு யார் உரம் போடுகிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் காட்டை யாரும் பெருக்குவதில்லையே! உதிர்ந்த இலை அங்கேயே மக்கி, மண்ணோடு சேர்ந்து, மறுபடி வேருக்கே போகிறது. வீட்டு மரத்துக்கு? பழத்தை நாம் பறித்துக்கொள்கிறோம். தோரணத்துக்குக் கொத்து கொத்தாக ஒடிக்கிறோம். தானாக உதிர்வதையும் கொளுத்திவிடுகிறோம். வண்டி நிறுத்தி, நடந்து நடந்து மண்ணையும் கெட்டியாக்குகிறோம். எடுத்துக்கொண்டே இருக்கிறோம்… திருப்பி எதைக் கொடுத்தோம்?

வீட்டுக்குப் பின்னால் எருக்குழி நிறைய மக்கிய சாணி எரு இருந்தது. மரத்துக்குக் கொஞ்சம் போட்டால் என்ன என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"அது கழனிக்கு மாமா. மரத்துக்கு எதுக்கு? அது தானா வளர்ற ஜென்மம்."

எனக்கு வந்ததே கோபம்!

"ஏம்ப்பா, கழனிக்கு ஒண்ணும் போடாம நட்டுப் பாரேன். நெல்லு வெளையலன்னா வரப்புல செருப்பு கட்டித் தொங்கவுடுவியா?"

செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஏழுமலை முறைத்தான். விறுவிறுவென்று உள்ளே போனவன், நெல்லுக்குப் போட்டது போக மிச்சமிருந்த யூரியா மூட்டையோடு வந்தான். நான் வாய் திறப்பதற்குள் அடிமரத்தை ஒட்டி அப்படியே கொட்டிவிட்டான்.

"போதுமா மாமா?"

இதற்கு ரம்பமே தேவலை! அடிமரத்தில் குவித்தால் பட்டையும் வேரும் வெந்துபோகும். யூரியாவை மட்டும் அள்ளிக் கொடுத்தால் தழைதான் கொழிக்கும், காய் வராது. சத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் தள்ளித்தான் இருக்கின்றன… உச்சி வெயிலில் கிளையின் நிழல் எங்கே முடிகிறதோ, அந்த ஓரம் வரைக்கும்.

"சோத்த முழங்கால்ல வெச்சா வாய்க்குப் போவுமா? வாருடா அத."

வாரினான். முனகிக்கொண்டேதான்! பிறகு நானும் அவனும் நிழலின் ஓரமாகச் சுற்றி, வேர் அறுபடாமல் ஆழமில்லாத வாய்க்கால் பறித்தோம். முந்தின நாள் மழை பெய்தும் மேல்மண் கட்டாந்தரையாகத்தான் இருந்தது. செல்வி கூடையில் எரு கொண்டுவந்து கொட்டினாள். மண்ணை மூடித் தண்ணீர் விட்டோம். எரு போட்டவுடன் காய்த்துவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன் பிள்ளைகளே. பூச்சி, நோய், வானிலை என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் ஒன்றுமே போடாமல் மரத்தைக் குற்றம் சொல்வது அநியாயம்.

உங்கள் வீட்டு மரத்துக்கு யார், எப்போது, என்ன கொடுத்தார்கள்? இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

சாயங்காலம் ரம்பக்காரர் வந்து மெஷினை இறக்கினார்.

"வாணாம்பா. எடுத்துக்கினு போ," என்றான் ஏழுமலை.

"காய்க்காத மரம்னு நீதான சொன்ன?"

"இல்லப்பா. பாவம், அது பட்டினியா கெடந்துகீது."

யார் பட்டினி போட்டது என்பதை மட்டும் அவன் கடைசிவரை சொல்லவில்லை!