எடுக்காத பொட்டலம்

பெங்களூர் வீட்டில் என் துணி அலமாரியின் மேல்தட்டில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளை மடித்து, வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியது. கட்டியவர் என் மாமனார். முப்பது வருடம் லாரி ஓட்டி, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. அவர் போட்ட முடிச்சை நகத்தால் நெம்பினால்தான் அவிழும். ஆறு மாதமாக நான் அதை நெம்பிப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவானாலும் சாமியிடம் பூக் கேட்பார்கள். ஒரு தாளில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெளியே தெரியாமல் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் என் கணவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அப்போது நாங்கள் புதுச்சத்திரத்தில் மாமனாருடன் இருந்தோம். மாமியார் நான் மருமகளாக வருவதற்கு முன்பே தவறிவிட்டார். நான் தினமும் பஸ் ஏறி அஸ்தம்பட்டியில் ஓர் அலுவலகத்துக்குப் போவேன். வழியில் ராசிபுரத்தில் யாராவது இறங்கினால்தான் உட்கார இடம் கிடைக்கும். குழந்தையைப் பள்ளிக்கூடம் கொண்டு விடுவதும், கூட்டி வருவதும், தோசை ஊட்டுவதும் மாமனார்தான். எனக்குப் போக வேண்டும் என்று இருந்தது. நல்ல சம்பளம், நல்ல பள்ளிக்கூடம் என்று கணவரிடம் காரணங்களை அடுக்கினேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது, கதவைச் சாத்தினால் எங்கள் மூவருக்கு மட்டுமான ஒரு வீடு. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாமனார் என்னைச் செல்லமாகச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார். நேராகவே கேட்டார். “ஏஞ் சாமி, உனக்குப் போகோணும்னு இருக்குதா?”

“அது உங்க இஷ்டமுங்க மாமா” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். “செரி, அப்ப பூக் கேட்டுப்போடலாம். பொட்டணத்த நீயே மடிச்சுரு” என்றார்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று மடித்தேன். தட்டில் வெள்ளை நந்தியாவட்டையும் செவ்வரளியும் இருந்தன. இரண்டு தாளிலும் நந்தியாவட்டையையே வைத்து நூலால் கட்டினேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செவ்வரளியை முந்தானையில் மறைத்துக் கொல்லைப்புறம் போய் வாழை மரத்தடியில் போட்டேன். கோயிலில் என் மகள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை. மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மீதிப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்து, “கெணத்துல போட்டுர்றேன்” என்றார். என் முடிச்சு நெகிழ்ந்து தாளின் ஓரம் பிரிந்து உள்ளே வெள்ளை தெரிந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

நாங்கள் போன பிறகு சொந்தத்தில் எல்லாரும் அவரைக் குடைந்திருக்கிறார்கள். ஒரு விசேஷத்தில் என் காதுபடவே அவருடைய தங்கை கேட்டார். “ஏண்ணா, மகனும் மருமவளும் பெங்களூருல குளுகுளுன்னு இருக்க, நீ இங்க கோழிக்குக் காவலாக்கும்?”

“நானா அனுப்புனேன்? சாமி அனுப்புச்சு. சண்டை போடறதுன்னா கோயிலுக்குப் போயிப் போடு, போ. எனக்குப் பந்தியில எலையப் புடிக்கோணும்” என்றார் மாமனார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் குழந்தையின் தலையைச் சீவுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். என் பொய்யை எனக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டிருந்தார் அவர்.

ஆறு மாதத்துக்கு முன் அவர் குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனாலும் இனித் தனியாக விடக்கூடாது என்று என் கணவர் பதறினார். நாங்கள் ஊருக்குப் போனோம். “எங்களோடயே வந்துருங்க மாமா” என்று நான்தான் முதலில் சொன்னேன். சொல்லும்போதே மனம் பெங்களூர் வீட்டை அளந்தது. இரண்டே அறை. கட்டிலை எங்கே போடுவது, குழந்தையின் மேசையை எங்கே நகர்த்துவது, என் தோழிகள் வந்தால் எங்கே உட்கார்வார்கள். முகத்தில் அது எவ்வளவு தெரிந்ததோ, எனக்குத் தெரியாது.

“சாமிகிட்டக் கேட்டுப்போடலாம்” என்றார். “இந்தத் தடவ பொட்டணம் நான் மடிச்சுக்கறேன்.”

கோயிலில் மகள் எடுத்த பொட்டலத்தில் செவ்வரளி இருந்தது. “பாத்தியா, சாமி வேண்டாங்குது. நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத சாமி” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மீதிப் பொட்டலத்தை அவர் சட்டைப் பைக்குக் கொண்டுபோவதற்குள், “நான் போட்டுர்றனுங்க மாமா” என்று வாங்கிக்கொண்டேன். அவர் சற்றுத் தயங்கித்தான் கொடுத்தார். நான் கிணற்றுப் பக்கமே போகவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

உள்ளே வெள்ளை இருந்தால், வேண்டாம் என்றது சாமிதான், மாமனார் இல்லை. நான் தப்பித்தேன். அந்த நினைப்பை விட மனமில்லாமல்தான் ஆறு மாதம் அதைத் தொடாமல் இருந்தேன். இன்று காலை குளிர்காலத் துணிகளை எடுத்தபோது அது கீழே விழுந்தது. “இதுல என்னம்மா இருக்கு?” என்று மகள் கேட்டாள். உட்கார்ந்து நகத்தால் நெம்பி அவிழ்த்தேன். உள்ளே காய்ந்து கருஞ்சிவப்பாகிப்போன செவ்வரளி.

சாயந்திரம் வழக்கம்போல மாமனார் போன் செய்தார். “சாப்புட்டீங்களா சாமி? பாப்பா என்ன பண்ணுது?” பூவெல்லாம் வேண்டாம், நீங்கள் வந்துவிடுங்கள் என்று சொல்வதற்கு வாய்வரை வந்தது. அதற்குள் கண் அறையின் மூலையை அளக்கத் தொடங்கிவிட்டது. “நல்லா இருக்கமுங்க மாமா” என்றேன். போனை வைத்த பிறகு, பூவை அதே தாளில் வைத்து மடித்து, அதே நூலைச் சுற்றி அலமாரியில் வைத்தேன். அவர் கட்டியதுபோல இறுக்கமாக வரவில்லை. தாளின் ஓரம் பிரிந்து, கொஞ்சம் சிவப்பு வெளியே தெரிகிறது.