டேங்க் மூடியில் வைத்த பொட்டு

நிமலன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது காலைப் பெரட்டில்தான். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கூடையும் கையுமாக நாங்கள் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். நல்லையா மூச்சு வாங்க ஓடிவந்து, பெண்சாதி கருப்பம்மாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் பையன் பிறந்திருக்கிறான் என்று கங்காணியிடம் லீவு கேட்டார். கருப்பம்மா என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தங்கை. எனக்கு நாத்தனார்.

"பேரு என்னாடா வைக்கப் போற?" என்றார் கங்காணி.

"நிமலன்னு வச்சாச்சுங்க. நர்ஸம்மா சொன்ன பேரு."

"என்னாடா பேரு அது, பிஸ்கட்டுப் பேரு மாதிரி? ஒங்கப்பன் பேரு என்னாச்சு?"

பெரட்டே சிரித்தது. அப்பன் பேரை நல்லையாவின் அண்ணன் தன் மகனுக்கு முந்திக்கொண்டு வைத்துவிட்டார். நிமலனுக்கு வரவேண்டிய பேரை இன்னொருவன் எடுத்துக்கொண்டு போவது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

சின்னதிலேயே அவனுக்குப் பொறாமைக் குணம் உண்டு. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் புதுச் சட்டை வந்தால் அன்றைக்கு இவனுக்குச் சோறு இறங்காது. திருடமாட்டான், கிழிக்கமாட்டான். பார்த்துக்கொண்டே இருப்பான். அந்தப் பார்வையைக் கண்டு மற்றத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

வளர்ந்ததும் பதுளை டவுனில் றுஷ்தி நானாவின் கராஜில் வேலை பழகினான். கைவேலை சுத்தம். யாருடைய பைக்கையோ ஓட்டிப் பார்க்கப் போய், தோட்டத்து வளைவில் விழுந்து வலது முழங்கால் உடைந்தது. எலும்பு கூடியது, முட்டி மட்டும் சரியாக மடங்கவில்லை. அதற்குப் பிறகுதான் தனுஜாவைக் கட்டினான். தனுஜாவின் அம்மா பெரியாயி எனக்குச் சின்னம்மா மகள், தங்கச்சி முறை. ஆக, இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம்தான். தனுஜாவுக்கு ஒரே தம்பி, ரமேஸ். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. லயத்து வாசலில் அவன் வந்து நின்றால் வேலை செய்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இனி அந்தப் பைக்கின் கதை. முன்னொரு காலத்தில் தோட்டத்தை நடத்திய பெரிய துரையின் மகன் மோட்டோகுரொஸ் ஓடுகிறவனாம். மண்மேட்டில் ஏறித் தாவி விழுந்து ஓடுகிற பந்தயம் அது. துரை மாற்றலாகிப் போனபோது பைக்கை ஃபெக்டரிக்குப் பின்னால் கொட்டிலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கோழிகள் அதன் சீட்டில் முட்டையிட்டன. நிமலன் ஃபெக்டரியின் தண்ணீர் மோட்டரைத் திருத்திக் கொடுத்துவிட்டு, கூலியாக அந்த இரும்பைக் கேட்டான். தலைவலி விட்டது என்று கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு வருசம் அதோடு கிடந்தான். இறுகிப்போன பிஸ்டனுக்கு எண்ணெய் ஊற்றி ஊற்றித் தட்டி எடுத்தான். சில்லுகளின் ஆரக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோத்தான். டேங்கின் உள்ளே துரு. அதற்குப் புளியைக் கரைத்து ஊற்றி, கூழாங்கல் போட்டு, ஒரு பக்கம் அவன் மறு பக்கம் தனுஜா பிடித்துக் குலுக்குவார்கள்.

"குழம்புக்குப் புளி இல்ல. அங்க டேங்கு புளிக்குழம்பு குடிக்கிது!" என்று பெரியாயி வாசலில் நின்று சத்தம் போடுவாள்.

டேங்க் மூடி மட்டும் கிடைக்கவில்லை. மொனராகலையில் ஒரு பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தான். மூடியின் நடுவில் ஊசி நுழைகிற ஓட்டை.

"ஓட்ட மூடியா வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள் தனுஜா.

"அது மூச்சுக் குழி. மண்ணெண்ண டின்னுல ஒரு ஓட்ட போட்டா எண்ண விக்கி விக்கித்தானே வரும்? எதிர்ப் பக்கம் இன்னொன்னு போட்டாத்தான் ஒழுங்கா எறங்கும். இதுவும் அப்புடித்தான். காத்து உள்ள போகணும், பெட்ரோல் கீழ எறங்கணும்."

பைக் உயிர் பெற்ற அன்று லயமே கூடியது. அந்தச் சத்தத்துக்கு நாய்கள் தேயிலைக்குள் ஓடின. நிமலன் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டினான். ஆனால் மேட்டில் ஏற்றித் தாவ அந்த முட்டி இடம் கொடுக்கவில்லை. தாவினது ரமேஸ். கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் ஏறி, ஆகாயத்தில் நின்று, இறங்கினான். பிள்ளைகள் கத்தினார்கள். அன்றைக்கே அது ரமேஸ் பைக் ஆகிவிட்டது.

"ரமேஸ் பைக்கு சத்தம் கேக்குது." "ரமேஸ் பைக்க தொடாத." கருப்பம்மா கூட, பெற்ற தாய், "ரமேஸ் பைக்குக்குத் துணி போட்டு மூடு, மழ வருது" என்று அவனிடமே சொன்னாள். அவன் துணியைப் போட்டு மூடினான். முகத்தைப் பார்க்க வேண்டுமே. சின்ன வயதில் புதுச் சட்டையைப் பார்த்த அதே பார்வை.

ஹல்துமுல்லையில் பழைய பைக்குகளுக்கென்று ஒரு பந்தயம் வைத்தார்கள். ரமேஸ் பேர் கொடுத்தான். கூட்டாளிகள் லயத்து முனையில் பேனர் கட்டினார்கள். ரமேஸ் பைக்கில் சாய்ந்து சிரிக்கிறான். ஓரத்தில் ஸ்பேனர் பிடித்த ஒரு கை மட்டும் தெரிகிறது. மற்றதை வெட்டிவிட்டார்கள். நிமலன் தினமும் அந்தப் பேனரின் கீழேதான் வேலைக்குப் போனான்.

"மச்சான், படம் சரியா வந்திருக்கா?" என்று ரமேஸ் கேட்டான். அவன் கெட்டவன் இல்லை, யோசனை இல்லாதவன்.

"என் கை நல்லா வந்திருக்கு, மாப்ள" என்றான் நிமலன்.

பந்தயத்தன்று காலையில் மாரியம்மன் கோயில் வாசலில் பைக்குக்குப் பூசை. வண்டி வாசலைத் தாண்டும் முன் சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவது எங்கள் வழக்கம். லொறி, பஸ், ஆட்டோ எதுவானாலும் முன் லைட்டில் பொட்டு வைப்போம். இந்தப் பைக்குக்கு லைட்டே இல்லை.

"நெத்தி எங்கடா இதுக்கு?" என்று பெரியாயி சந்தனக் கிண்ணத்தோடு சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் டேங்கின் மேல் உருண்டையாகப் பளபளத்த மூடியைக் கண்டாள். கண்ணேறு படாமலிருக்க வேண்டுமே என்று சந்தனத்தை அள்ளித் தடிப்பாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். மூச்சுக் குழி இருந்த இடம் தெரியவில்லை.

நிமலன் பார்த்துவிட்டான். கை தானாக மூடிக்குப் போனது. பெரியாயி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"சாமிப் பொட்ட தொடாதீங்க மருமகனே! ஊருக் கண்ணுக்குப் பயந்து வச்சா, வீட்டுக் கண்ணே பெருசா இருக்கும்போல."

நாலு பேர் சிரித்தார்கள். ரமேஸும் சிரித்தான். நிமலன் கையை இழுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஹல்துமுல்லைக்குப் போகும்வரை வேனில் ஒரே சீட்டில் ரமேஸின் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாங்களும் அந்த வேனில் போனோம். மலையை வெட்டி வளைத்த மண் ஓடுபாதை, சுற்றிக் கயிறு, சனம். கொடி விழுந்ததும் ரமேஸ் பாய்ந்தான். முதல் சுற்றில் அவன்தான் முன்னால். பெரியாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குதித்தாள். "என் மவன் பைக்குடி அது!" என்று முன்பின் தெரியாத ஒரு சிங்களத்தியைக் கட்டிப்பிடித்துச் சொன்னாள். இரண்டாம் சுற்றிலும் அவன்தான். நிமலன் கயிற்றோரமாகத் தலை குனிந்து நின்றான். எல்லாரும் பைக்கைப் பார்த்தார்கள், அவன் காதால் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த சுற்றில் ஏற்றத்தில் பைக் இருமியது. ஒரு தரம் இழுத்தது. நின்றுவிட்டது. ரமேஸ் உதைத்தான், உதைத்தான். மற்றவர்கள் மண்ணை வாரி அவன் மேல் அடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள்.

அப்போதுதான் எங்கள் தோட்டத்துப் பையன்களில் ஒருவன் கத்தினான்:

"எவன்டா இந்தப் பைக்க செஞ்சது?"

"நிமலன் செஞ்ச பைக்குதானே!"

"அதான பாத்தேன். நிமலன் பைக்குன்னா இப்புடித்தான் நடுவழியில படுக்கும்!"

அதுவரை ஒருவர் வாயிலும் வராத சொல். ஓடின மட்டும் ரமேஸ் பைக், நின்றதும் நிமலன் பைக். அவன் முகம் கருத்துப்போனது. நொண்டிக்கொண்டே கயிற்றைத் தாண்டி ஓடினான். கொடி பிடித்தவர்கள் கத்தினார்கள். பந்தயத்தில் இருக்கிற பைக்கை வெளியாள் தொட்டால் ஆட்டத்தை விட்டு எடுத்துவிடுவார்கள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். மூடியைத் திருகினான். காற்றை உறிஞ்சிக்கொண்டு டேங்க் 'புஸ்' என்றது. சட்டை நுனியால் சந்தனத்தைத் துடைத்தான், பையில் கிடந்த கம்பியால் மூச்சுக் குழியைக் குத்தினான்.

"மச்சான், என்னா செய்றீங்க? நம்ம வெளிய போயிருவோம்!"

"போயாச்சு. எறங்கு மாப்ள."

ரமேஸ் இறங்கினான். நிமலன் மடங்காத காலை நீட்டிக்கொண்டு இடது காலால் உதைத்தான். பைக் உறுமியது. ஏற்றத்தை ஏறி, உச்சி மேட்டில் சில்லு ஒரு சாண் எழும்பி, மண்ணில் இறங்கி, எங்கள் முன்னால் வந்து நின்றான். ஸ்பீக்கரில் அவன் பேரைச் சொல்லவில்லை. அடுத்த பந்தயத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தனுஜா அவன் சட்டையில் இருந்த சந்தனத்தைப் பார்த்தாள்.

"காலையிலேயே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஒன் தம்பி பைக்குதானே" என்றான்.

பெரியாயி நிமலனைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். அன்றிலிருந்து அவள் வீட்டுக்கும் நிமலன் வீட்டுக்கும் பேச்சு இல்லை. பைக் நின்றது அவள் வைத்த பொட்டால்தான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. தனுஜா ஒரு மாதம் தாய் வீட்டில் இருந்தாள். பிறகு, "அவரு செஞ்சது தப்புத்தான். படத்துல அவர வெட்டுனதும் தப்புத்தான்" என்று தாயிடம் சொல்லிவிட்டு, பெட்டியோடு திரும்பிப் போனாள்.

ரமேஸ் இப்போது மொனராகலைக்காரர் ஒருவரின் பழைய பைக்கில் ஓடுகிறான். ஜெயிக்கவும் செய்கிறான். போன தைப்பொங்கலுக்கு நான் நிமலனைப் பார்க்கப் போனபோது, ரமேஸ் ஜெயித்த ஓட்டம் ஒன்றை அவன் போனில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ரமேஸ் தாவும் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டான்.

"அத்த, எஞ்சின் பேசுறதக் கேளுங்க. எவன் கையோ தெரியல" என்றான்.  மச்சினன் மேல் இருந்த எரிச்சல், அந்தப் பைக்கைத் திருத்திய, பார்த்திராத ஒரு மெக்கானிக் பாஸ் மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

நிமலன் இப்போது ஹல்துமுல்லையில் இருக்கிறான். மெயின் ரோட்டோரத்தில் தகரக் கூரை போட்ட கராஜ், பின்னால் தனுஜாவோடு இரண்டு அறை வீடு. பைக் கராஜுக்குள் நிற்கிறது, அதை யாருக்கும் ஓட்டக் கொடுப்பதில்லை.