மாமா வேனின் தரை

மாமாவின் வேனில் தரை போய்விட்டதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. வீட்டு முற்றத்தில் பூவரச மரத்தடியில் அந்த வேன் எட்டு மாதமாக நின்றுகொண்டிருந்தது. மாமா கடலுக்குப் போய்த் திரும்பாமல் இருந்ததும் அதே எட்டு மாதம்தான். கண்ணாமூச்சி விளையாட்டில் ஒளிவதற்காக உள்ளே ஏறி, ஓட்டுபவர் கால் வைக்கிற இடத்தில் பதுங்கி, அங்கே கிடந்த ரப்பர் விரிப்பை விலக்கினேன். கீழே முற்றத்து மண் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். இரண்டும் குதிகால் பக்கம் குறுகி, விரல் பக்கம் அகன்று, ஒரு ஆளின் பாத அளவில் இருந்தன. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒருவர் பூமிக்குள் இறங்கிப் போனதைப் போல இருந்தது. அன்று என்னை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை; அலறிக்கொண்டு நானே வெளியே வந்தேன்.

மாமா, அப்பாவின் தங்கையைக் கட்டி எங்கள் வீட்டிலேயே இருந்தவர். தூத்துக்குடியில் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்களில் ஒருவர். கரையேறினால் தலையைத் துவட்டுவாரே தவிர காலைத் துடைக்க மாட்டார். தண்ணீர் சொட்டச் சொட்ட, செருப்பில்லாமல் வேனை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அத்தை தினமும் அதற்கு ஒரு சண்டை வைத்திருப்பாள். ஒரு நாள் ஆறு பேர் போன படகில் ஐந்து பேர் வந்தார்கள். எத்தனையோ படகுகள் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை.

இறந்தவர்களுக்கு வைக்கிற பூசையை அவருக்கும் வைத்துவிடலாம் என்று பங்குச் சாமியார் இரண்டு முறை வீட்டுக்கு வந்து சொன்னார். அத்தை அசையவில்லை. "உடம்பு கெடைக்காம பூசை கெடையாது சாமி" என்று மட்டும் சொன்னாள். தாலியைக் கழற்றவில்லை. மாமாவோடு கடலுக்குள் போன கைபேசி எண்ணுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்தாள். ராத்திரி அவள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று அப்பா எங்கள் அறையிலிருந்தே காது கொடுத்துக்கொண்டிருப்பார். இப்படியே போனால் தங்கையும் நமக்கு இல்லாமல் போய்விடுவாள் என்று அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன்.

நான் ஓட்டையைச் சொன்ன அன்று அத்தை அப்பாவிடம் வந்து நின்றாள். "அவிய வந்தா எதுல போவாவ? வண்டியச் சரி பண்ணிக் குடுங்கண்ணே."

துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க முத்தையாபுரத்தில் ஒரு வெல்டிங் அண்ணாச்சி இருந்தார். அப்பா அவரிடம் போகவில்லை. அப்பாவுக்கு ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கிற தொழில். கடலிலேயே மிதக்க வைக்கிறவனுக்கு ரோட்டில் ஓடுகிற வண்டி ஒரு பெரிய காரியமா என்ற மிதப்பு. மூன்று நாள் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தார். முற்றமெல்லாம் செம்பொடி பறந்தது. ஓட்டைகளின் மேல் ஃபைபர் துணியை விரித்து, பசையைப் பூசி, அதற்கு மேல் இன்னொரு துணி, அதற்கு மேல் கருப்புத் தார். பிறகு வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தவருக்கு ஓரங்களில் வட்ட வட்டமாக நான்கு சிறு துளைகள் தென்பட்டன. படகின் அடியில் துளையைக் கண்டால் எங்கள் ஆட்களின் கை சும்மா இருக்குமா? நான்கையும் ஒரு பொட்டுக் காற்றுகூடப் போகாமல் அடைத்தார். இனி சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது என்று ஊரெல்லாம் சொன்னார்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் அந்த வேனில் கோயிலுக்குப் போனோம். முதல் திருப்பத்தில் எங்கள் காலுக்கடியில் 'களக்' என்றது. வேன் இடது பக்கம் திரும்பினால் சத்தம் வலது பக்கம் போனது. பிரேக் போட்டால் பின்னாலிருந்து முன்னால் வந்தது. படகின் பக்கவாட்டில் அலை மோதுகிற அதே சத்தம். தரையோ காய்ந்து கிடந்தது. அதோடு ஒரு வாடையும் வந்தது. சங்குச் சதை அழுகுகிற வாடை. மாமாவின் சட்டையில் எப்போதும் இருந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் அழுத்தி வைத்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மத்தியான நேரங்களில் அவள் வேனில் போய் உட்கார ஆரம்பித்தாள். ஒரு நாள் மரத்தில் ஓர் இலைகூட ஆடாத வெயிலில் நான் அந்தப் பக்கம் போனேன். அத்தை ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டாள். கீழே 'களக்' என்றது. இன்னொன்று கேட்டாள். மறுபடியும் 'களக்'. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாத, அவிய இங்கனதான் இருக்காவ" என்றாள். அவள் காலை அசைத்தால் வண்டியும் அசையும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவின் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

மறுநாள் காலையில் வேனை முத்தையாபுரத்துக்கு ஓட்டிப் போனார். அத்தையும் ஏறிக்கொண்டாள், வேண்டாமென்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. அம்மாவும் நானும்கூட ஏறினோம்; அவள் மடியிலிருந்து நான் காலைக் கீழே இறக்கவேயில்லை. வெல்டிங் அண்ணாச்சி அடியில் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"தரைத் தகட்டுக்கு உள்ள எறங்குத தண்ணி வெளிய போவத்தான கம்பெனிக்காரன் ஓட்டை போட்டிருக்கான். அதைப் போயி அடைச்சிருக்கீயளே. இது என்ன வள்ளமா?"

அண்ணாச்சி ஒரு துளையைக் குத்தித் திறந்ததும் செந்நிறத் தண்ணீர் கொட்டியது. அத்தை முழங்காலிட்டு உள்ளங்கையில் ஏந்தி, நாங்கள் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டாள்.

"உப்பு" என்றாள்.

"மழைத் தண்ணி ஏளா. முன்கண்ணாடி ரப்பர் வெடிச்சிருக்கு, அது வழியா எறங்கியிருக்கு" என்றார் அப்பா.

"மழை கரிக்குமாண்ணே?"

அத்தை அங்கே கிடந்த ஒரு பெயிண்ட் டப்பாவை எடுத்துக் கழுவி, கடைசிச் சொட்டு வரைக்கும் பிடித்தாள். அது நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு அப்பாவைப் பார்த்து, "சாமியார்ட்ட சொல்லிருங்க" என்றாள். அப்பா அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மாமா பெயர் எழுதிய சிலுவையை நட்டார்கள். அதன் கீழே தோண்டிய சிறிய குழியில் அத்தை அந்தத் தண்ணீரை ஊற்றி, தன் கையாலேயே மண்ணைத் தள்ளினாள். இத்தனை பெரியவர்கள் கூடி ஒரு டப்பா துருத் தண்ணீரைப் புதைக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மா கிள்ளினாள். ஒருவழியாக அத்தையின் பிடிவாதம் போய்விட்டது, இனி வேனில் பயமில்லாமல் ஏறலாம் என்றும் ஒரு நிம்மதி.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் என் ஸ்கூட்டரின் கால் வைக்கிற தகட்டில் துரு எடுக்கப் போனேன். கடற்கரையில் கால் நனைத்துவிட்டு அப்படியே வண்டியேறுகிற பழக்கம் எனக்கும் உண்டு. விரிப்பைத் தூக்கினால் தகடு முழுக்க உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. அப்பா சொன்னதும் சரி, அது மழைத் தண்ணீர்தான். அதைக் கரிக்க வைத்தது, மாமா வருஷக்கணக்காகத் தன் காலோடு கொண்டுவந்து அந்தத் தரைக்குள் சேர்த்து வைத்திருந்த உப்பு. கடலிலிருந்து அவருடைய உடம்பில் ஒட்டி வந்து கரையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

உடம்பு கிடைக்காமல் பூசை கிடையாது என்று அத்தை சொன்னாள். அவள் அந்தச் சொல்லை மீறவேயில்லை.