கன்னம் பிடித்து ஊதியவர்

என் வீட்டுக்காரர் இருதயராஜுக்கு மராட்டிய தேசத்தில், கிர்க்கி பாக்டரியில் வேலை. பேர் எடுத்ததெல்லாம் கோயில் பேண்டில்தான். எங்கள் சபையில் கல்யாணமோ சாவோ, முன்வரிசையில் நின்று கார்னெட் என்கிற பித்தளைக் குழல் ஊதுவார். நாற்பது தாண்டியதும் அவருக்கு இளைப்பு வந்தது. மழை தொடங்கிவிட்டால் படுக்க முடியாது. கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பார். நானும் கூடவே உட்கார்ந்திருப்பேன். அப்படியே எத்தனையோ மழைக்காலம் போயிற்று. உடம்பு சலித்துப்போயிற்று எனக்கு.

எண்பத்தொன்றில், பெரிய ஆஸ்பத்திரியில் இளைப்புக்காரர்களை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது, வாயில் அடித்து உள்ளே இழுக்கிற புது மருந்தை இனாமாகத் தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டு ஜமீலா சொன்னாள். வெளியே வாங்க எங்களுக்கு வக்கில்லை. எப்படியாவது இவரை அதில் சேர்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். இரண்டு பஸ் மாறி, "புடே சலா, புடே சலா", முன்னால் போ போ என்று கண்டக்டர் விரட்ட விரட்ட, நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் சாந்தகுமாரி மதுரைப் பக்கத்துப் பெண். சுவர்க்கடிகாரம் போல வட்டமான ஒரு கருவியை நீட்டினாள். குழாயில் ஊதினால் ஊசி நகரும். ஊசி சிவப்புக் கோட்டுக்குக் கீழே நின்றால்தான் ஆராய்ச்சியில் சேர்ப்பார்களாம். எனக்கு எண் தெரியாது, கோடு தெரியும்.

இவர் மீசையை ஒதுக்கிக்கொண்டு ஊதினார். ஊசி கோட்டைத் தாண்டி ஓடியது.

"என்னைவிட நல்லா ஊதுறீங்களே ஐயா! உங்களுக்கு எதுக்கு மருந்து?"

இவருக்குப் பெருமை தாங்கவில்லை. நான் குறுக்கே விழுந்தேன்.

"மாடிப்படியில நின்னு நின்னு வந்தாவ டாக்டரம்மா!"

"சும்மா இரு மரியம்மா. கருவி பொய் சொல்லுமா?"

"கருவி சொல்லாது. நீங்க சொல்லுவிய."

அந்தப் பெண் குழாயைக் காதில் மாட்டி இவர் நெஞ்சில் வைத்தாள். முகம் மாறியது. "உள்ள ஒரே விசில் சத்தம். ஆனா ஊசி அப்படி ஓடுது..." கொஞ்சம் யோசித்தாள். "வாத்தியம் ஏதாச்சும் வாசிப்பீங்களா?"

"கார்னெட். முப்பது வருஷமா."

அவள் சிரித்துவிட்டாள். "அதான். ஊதுறது நெஞ்சு இல்ல, நாக்கும் கன்னமும். துப்புற மாதிரி காத்தைத் தள்ளுறீங்க. ஊசி ஏமாந்துபோச்சு. கன்னத்தை விட்டுட்டு, நெஞ்சுல இருந்து ஊதுங்க."

இவரால் முடியவில்லை. குழாய் உதட்டில் பட்டதும் கன்னம் தானாக இறுகிக்கொண்டது. திரும்பத் திரும்ப ஊதினார். ஊசி திரும்பத் திரும்ப ஓடியது. வெளியே கூட்டம் முணுமுணுத்தது. இன்னொரு நாள் வாருங்கள் என்றாள்.

"இன்னொரு நாள் வர என் உடம்புல தெம்பு இல்ல தாயி" என்று சொல்லிவிட்டு, இவருக்குப் பின்னால் போய் நின்று இரண்டு கன்னத்தையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன்.

"ஏட்டி, எல்லாரும் பாக்காவ!"

"பாக்கட்டும். ஊதுங்க."

ஊதினார். ஊசி ஏதோ எறும்பு நகர்ந்த மாதிரி நகர்ந்து நின்றுவிட்டது. கோடு எங்கேயோ இருந்தது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார். டாக்டர் தலையாட்டினாள்.

ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். மாதா மாதம் போய்க் கன்னம் பிடித்தேன்; நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மருந்து வேலை செய்தது. இவர் படுத்துத் தூங்கினார். நானும் தூங்கினேன். பேண்ட் மாஸ்டர் எட்மண்ட் வந்து கார்னெட் ஊதக் கூப்பிட்டபோது, "இந்த மழை போகட்டும்யா" என்று மட்டும் சொன்னார்.

ஒரு மாதம் எனக்கு முழங்கால் வீங்கி, மாடி ஏற முடியவில்லை. கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"கன்னத்தை யாரு பிடிப்பா?" என்றேன்.

இவர் தனியே படியேறிப் போனார். திரும்பி வந்தபோது இரண்டு கன்னத்திலும் தன் விரலே பதிந்து சிவந்திருந்தது.

"முன்னைக்கு ஊசி ஏறியிருக்கு. ஆனா கோட்டுக்குக் கீழதான் நிக்கி" என்றார். "மருந்து குடுத்துட்டாவ. எந்திரி, பஸ் வந்துரும்."